பட்ட மரத்துல கை வைக்காதே

டைம்கீப்பரம்மாவை எனக்கு முதலில் வெறும் குரலாகத்தான் தெரியும். பஸ் டிப்போவில் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவர் அவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது பழுது, எது இன்றைக்கு வராது என்று சொல்வார். ஒரு தடவைதான் சொல்வார். காதில் விழாதவர்கள் கம்பி வலை அருகே போய், "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டால், தலையைத் தூக்காமல் "சொல்லியாச்சு" என்பார். அந்த "சொல்லியாச்சு"வினால் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருவன். கத்தரி நாற்றுக் கட்டோடு வெயிலில் நின்று அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அவரே ஒரு நாள் என் தோட்டத்துக்குப் பக்கத்து நிலத்தின் சொந்தக்காரராக வந்து நிற்பார் என்று யார் கண்டது? அந்த நிலத்தை வாங்கியவர் அவருடைய கணவர். அதே டிப்போவில் மெக்கானிக். அமைதியான மனிதர், நல்லவர். ஓய்வுக் காலத்துக்கு ஆகும் என்று நிலம் முழுக்க வரிசை வரிசையாகத் தைல மரம் நட்டார். மரங்கள் தூண் பருமனுக்கு வந்தபோது அவர் இல்லை. டைம்கீப்பரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரம், கைப்பையும் குடையுமாக வேலி ஓரம் வந்து நின்றார். நான் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன இது, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றார்.

"தைல மரத்துக்குள்ள என்னம்மா சத்தம் வரும்? காத்தடிச்சா இலை ஆடும், அவ்வளவுதான்."

"ஒரு பஸ்ஸும் வராத பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் வியர்வை சிந்தி வளர்த்த மரங்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டீ பிளாஸ்க்கும் வந்தன. காலையில் வந்து உட்காருவார், வெயில் ஏறியதும் போவார். வேலை ஓய்ந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் இப்படித்தான் கை கால் ஓடாமல் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவருக்குச் சரியாகவில்லை. நாற்காலியை மட்டும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிலத்தின் தாழ்வான மூலையில் கொண்டுபோய்ப் போட்டார். அந்த மூலையில் கணவர் தைல மரம் நடவில்லை. தண்ணீர் தேங்கும் இடம். ஓர் அத்தி, நாலைந்து நாவல், இலந்தைப் புதர், நடுவில் எப்போதோ பட்டுப்போன ஒரு பெரிய மரம். அது என்ன மரம் என்றுகூட யாருக்கும் தெரியாது. பட்டையெல்லாம் உதிர்ந்து, எலும்பு நிறத்தில், இரண்டு கையை விரித்துக்கொண்டு நின்றது.

"இங்கதான் எல்லா வண்டியும் நிக்குது" என்றார் என்னிடம். "மைனா, மரங்கொத்தி, அணில், உடும்பு, எல்லாம். அந்தப் பக்கம் அத்தனை பெரிய இடம் கெடக்கு, ஒண்ணு எட்டிப்பாக்கல. வர்றது போறதைப் பாக்கறதுதானே எனக்குத் தெரிஞ்ச வேலை."

அதன் பிறகு அவர் செய்ததை ஊரில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நானும்தான். தைல மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பட்டை பட்டையாக எடுக்க வேண்டும், ஒரேயடியாக எடுத்தால் முயலும் கௌதாரியும் ஒளிய இடமின்றிப் போய்விடும் என்றார். வெளிச்சம் விழுந்தால் பறவை எச்சத்தில் வந்த விதைகள் தானே முளைக்கும், நாம் நட வேண்டாம் என்றார். வேலியோரம் முள்ளும் கொடியும் வளர விட்டார். ஒடிந்த கிளைகளை எரிக்க விடாமல் அங்கங்கே குவித்து வைத்தார். "டைம்கீப்பரம்மா பாம்புக்குப் பங்களா கட்டறாங்க" என்று டீக்கடையில் பேச்சு. குட்டை வெட்ட வந்த பொக்லைன் டிரைவர் கிணறு மாதிரி நெட்டுக்குத்தாகத் தோண்டி வைத்தார். அம்மா விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "தவளைக்கு ஏணி நீங்க வாங்கித் தருவீங்களா?" என்றார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கரையைச் சரித்து விட்டார்.

எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது. மறைப்பானேன். எலி. என் தக்காளியில் பாதி எலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய குவியல்களிலிருந்துதான் வருகிறது என்று நேரில் போய்ச் சண்டை பிடித்தேன்.

"எலி முன்னாடியே இருந்துச்சு, பக்கத்துத் தோட்டம்" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "இப்பதான் அதுக்கு ஆள் வந்திருக்கு. சாயங்காலம் வாங்க, காட்டறேன்."

போனேன். பட்ட மரத்தின் உச்சியில், கிளை பிரியும் இடத்தில் ஒரு பொந்து. இருட்டத் தொடங்கியதும் அதிலிருந்து கூகை ஒன்று வெளியே வந்து உட்கார்ந்தது. வெள்ளை ஆந்தை. ஆப்பிளை நெடுக்காக நறுக்கி வைத்த மாதிரி முகம். பின்னாலேயே இன்னொன்று.

"ஜோடி" என்றார் அம்மா, தாழ்ந்த குரலில். மைக்கில் கேட்ட குரல் அப்படித் தாழும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இதுங்களுக்குப் பொந்து தோண்டத் தெரியாது. ஏற்கெனவே விழுந்த பொந்துதான் வேணும். பச்சை மரத்துல, அதுவும் இந்தத் தைல மரத்துல, பொந்து விழ நம்ம ஆயுசு போதாது. இந்தப் பட்ட மரம்தான் இங்க ஒரே வீடு. மத்ததெல்லாம் வெறும் கம்பம். மழைக்கு முன்னாடி முட்டை வைக்கும்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள இந்தப் பக்கத்துத் தைல மரத்தை எடுத்துடணும். அப்புறம் ஆள் சத்தமே கூடாது."

மரம் எடுக்க யாரைக் கூப்பிடப் போகிறார் என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஏனென்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரம் வெட்டுகிறவர்களில் கைதேர்ந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

தம்பியை எல்லோரும் ரம்பம் என்று கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பேர். பேச்சால் வந்தது என்று நினைத்து ஏமாறக் கூடாது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும். மற்றவர்களை அறுப்பதெல்லாம் அவருக்கு வராது, மரத்தை மட்டும்தான். அக்காவை விட மிகவும் இளையவர். பெற்ற தாய் வேலைக்குப் போய்விட, அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். அந்தக் குடும்பத்துக்கே ஒரு குணம் உண்டு. சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள். கேட்டதை இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். கௌரவக் குறைச்சல்.

மெக்கானிக் இறந்தபோது தம்பி எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். கூடம் நிறைய ஜனம். அத்தனை பேர் முன்னால் அக்கா கேட்டார், "எங்க போயிருந்தே?" தம்பி, "வேலைல இருந்தேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. என் புருஷனை விட இவனுக்கு வேலை பெரிதாகப் போய்விட்டதா என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் மறுபடி கேட்கவில்லை, இவரும் மறுபடி சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் என்ற முறையில் நானும் அன்றைக்கு அந்தக் கூடத்தில்தான் நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருவரும் இருந்தார்கள்.

ஆகவே, "தம்பியைத்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கேன்" என்று அம்மா சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் அவர் வாயால் வராது. வேலை கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் அக்கா தம்பி மறுபடி ஒட்டிக்கொள்வார்கள், கெட்டுப்போனால் இந்த ஜன்மத்தில் கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. யார் பார்த்தாலும் புரியும்.

வெட்ட வேண்டிய தைல மரங்களுக்கு அம்மாவே வாளியும் பிரஷ்ஷுமாகப் போய் இடுப்பு உயரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் பட்டை அடித்தார். தம்பியோடு நிலத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. இடையில் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுவிட்டார்கள். புரை. தள்ளிப்போட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது. தூசியில் போகக் கூடாது, குனியக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் லாரி உள்ளே இறங்காது. அதனால் அம்மா வீட்டிலிருந்தபடியே தம்பிக்குப் போன் செய்தார். பல வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. நான் அப்போது மருந்து வாங்கிக் கொடுக்கப் போய் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு ஆரம்பிச்சுடு" என்றார். "ஒண்ணே ஒண்ணு. பட்ட மரத்துல கை வைக்காத. மத்தது உனக்கே தெரியும்."

அந்தப் பக்கம் "சரி" என்றது. அம்மா போனை வைத்துவிட்டு, பெரிய மலையைப் புரட்டியவர் போல நாற்காலியில் சாய்ந்தார். எனக்கும் மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து மெஷின் ரம்பத்தின் சத்தம். சத்தம் வரும் என்று தெரிந்ததுதானே, நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் என் தலைக்கு மேலே வெள்ளையாக ஏதோ ஒன்று தட்டுத் தடுமாறிப் பறந்தது. பின்னாலேயே காக்கைக் கூட்டம், விரட்டிக் கொத்திக்கொண்டு. பட்டப்பகலில் கூகை. கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு வேலிக்குள் புகுந்து ஓடினேன். சட்டை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

தாழ்வான மூலை திறந்துகிடந்தது. அத்தி விழுந்துகிடந்தது. நாவல்கள் விழுந்துகிடந்தன. அவற்றின் மேல் மெத்தையில் சாய்ந்த மாதிரி பட்ட மரம் படுத்திருந்தது. பக்கத்துத் தைல மரங்கள் மட்டும் ஒன்று குறையாமல், இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு, இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. ரம்பம் மெஷினை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். வேலை நன்றாக நடந்திருக்கிறது என்ற முகம்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?" என்றேன்.

"அக்கா சொன்னதை" என்றார்.

நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாடகைக் காரில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தத் துணியவில்லை. விழுந்த மரத்தைக் கையால் தடவிக்கொண்டே உச்சி வரை நடந்தார். பொந்து இப்போது அவர் மார்பு உயரத்தில் இருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினார். இரண்டு இறகும், கூகை கக்கிப்போட்ட எலி எலும்பு உருண்டைகளும் வந்தன.

"முட்டை இல்ல. இன்னும் வைக்கல" என்றார். அதன் பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினார்.

"பட்ட மரத்துல கை வைக்காதன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம்?"

"வைக்கலையே" என்றார் தம்பி. தைல மரங்களைக் காட்டினார். "எல்லாப் பட்டை மரமும் நிக்குது. ஒண்ணு மேலயும் ரம்பம் படல."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எழுதினால் அது வேறு, இது வேறு. உயிர் போனது பட்ட மரம். பட்டை அடித்தது பட்டை மரம். நாக்கில் வரும்போது இரண்டும் ஒன்றுதான். மரம் வெட்டுகிறவர்கள் பெயின்ட் அடித்த மரத்தை நாள் பூராவும் பட்ட மரம், பட்ட மரம் என்றுதான் சொல்கிறார்கள். சிலர் வெட்டுவதற்குப் பட்டை அடிப்பார்கள், சிலர் விடுவதற்கு அடிப்பார்கள், சொந்தக்காரர் வாக்குத்தான் கணக்கு. நிமிர்ந்த தைல மரத்தை வளர விடு, கோணல் அத்தியையும் செத்த மரத்தையும் எடு என்றுதான் உலகத்தில் எந்தச் சொந்தக்காரரும் சொல்வார். ரம்பத்துக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"செத்துப்போன மரத்தைச் சொன்னேன்டா" என்றார் அம்மா.

"பட்ட மரம்னுதானே சொன்னே."

"செத்ததுக்கு வேற என்ன பேரு?"

"பட்டை அடிச்சதுக்கு வேற என்ன பேரு?"

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"சந்தேகம்னா ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கறதுக்கு என்ன?"

தம்பி மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "கேட்டா நீ சொல்லியாச்சும்பே."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. காரில் ஏறினார், போய்விட்டார். விழுந்த மரங்களில் ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்று மட்டும் என் மூலமாகச் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எலிக்காக மட்டுமில்லை.

அந்த வாரக் கடைசியில் ரம்பம் தன்னந்தனியாக வந்தார். பட்ட மரத்தை மேலும் கீழுமாகத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், தன் முழத்தால் அளந்தார். அத்தியின் மேல் விழுந்ததால் மரம் உடையவில்லை. பொந்துக்குக் கீழே ஒரு விரிசல், அவ்வளவுதான். மறுநாள் ஒரு கிரேனும், குட்டை வெட்டிய அதே பொக்லைனும் வந்தன.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நடப் போறேன்" என்றார்.

செத்த மரத்தை நடுகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் போனதும் டீக்கடை காலியாகிவிட்டது. வேலியோரம் அத்தனை பேரும். "தண்ணி யாரு ஊத்துவா?" என்றார் ஒருவர். "உரம் போடாம விட்டுடாதீங்க, பூ உதிர்ந்துடும்" என்றார் இன்னொருவர். ரம்பம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொக்லைன் தோண்டிய குழிக்குள் அவரே இறங்கிக் கல் அடுக்கினார். நானும் வேடிக்கை பார்த்து நிற்க வெட்கப்பட்டுக் கல் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குழிக்குள் வைத்துத்தான், யாரும் கேட்காமலே, தலை நிமிராமல் அவர் சொன்னார்.

"மாமா போன அன்னிக்கும் இப்படித்தான். மலை மேல மரம் எடுத்துட்டு இருந்தோம். போன் எடுக்காது. சேதி வந்தப்போ மண் சரிஞ்சு ரோடு இல்ல. நடந்தே இறங்கினேன். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"கேட்டதுக்குச் சொன்னேன். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அப்புறம் எதைச் சொன்னாலும் சாக்கு மாதிரி இருக்கும்."

இவர்களைச் சேர்த்து உட்கார வைத்து இரண்டு தட்டு தட்ட வேண்டும் போல எனக்கு இருந்தது. ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவரிடம் வைக்கும் பழக்கம் எனக்கில்லை. கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

விரிசல் மேலே பிளக்காமல் இருக்க, கொல்லரிடம் அடித்து வாங்கி வந்த இரும்புப் பட்டையை மரத்தைச் சுற்றிப் போட்டு முடுக்கினார். ஆக, இப்போது அது இரண்டு வகையிலும் பட்ட மரம். கிரேன் கயிறு இழுபட்டு மரம் தரையை விட்டுக் கிளம்பியபோது ரம்பம் கையைக் காட்டி நிறுத்தினார். என்னிடம் வந்தார்.

"பொந்து எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க அக்காவைக் கேளுங்க."

நின்றார். கிரேன் டிரைவர் மேலேயிருந்து அவசரப்படுத்தினார். மரம் பாதி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரை ஒரு விவரம் கேட்பதற்கு அவ்வளவு பெரிய பாரம் தொங்க வேண்டியிருந்தது. ரம்பம் போனை எடுத்தார்.

"அக்கா. பொந்து எந்தப் பக்கம் பாத்திருந்துச்சு?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ரம்பம் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "குட்டைப் பக்கம். மழைச் சாரல் அடிக்கிற பக்கம் வேண்டாம். அப்படித்தானே?" என்றார். திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார். அதை நான் என் காதால் கேட்டேன்.

மரம் நின்ற பிறகு மழை வந்தது. வெட்டிய அத்தியின் அடிக்கட்டை சுற்றிலும் துளிர்த்தது. அத்தி அப்படித்தான், தலையை எடுத்தால் இரண்டு மடங்காக வரும். நாவல் கட்டைகளை அப்படியே மண்ணோடு விட்டதில் அடியில் கரையான், கரையானுக்கு உடும்பு, ஓணான், கீரி. தைல மரங்களைச் சரியான மரமாகப் பார்த்து, ஒரு வரிசை மட்டும், அக்கா பக்கத்தில் நிற்க ரம்பம் எடுத்தார். அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்து புல் வந்தது. புல்லுக்குள் கௌதாரி கூப்பிட்டது. அக்கா, தம்பி பேச்சு வேலைப் பேச்சாக மட்டும் இருந்தது. இதை எடு, அதை விடு, செத்ததை விடு. பட்ட என்ற சொல்லை இருவரும் தீட்டு மாதிரி ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

கூகை மட்டும் வரவில்லை. பொந்தில் ஒரு மைனா கொஞ்ச நாள் குடியிருந்துவிட்டுப் போனது. அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். புதுக் கண்ணால் நன்றாகத் தெரிகிறது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை என்று ஒரு நாள் சொன்னார். அவர் அப்படி மனம் விட்டுச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். பிறகு முழங்கால் வலி என்று வருவதைக் குறைத்துக்கொண்டார். முழங்கால் மட்டுமே காரணமாக இருக்காது. ரம்பம்தான், இரும்புப் பட்டை தளர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று அடிக்கடி வந்துகொண்டிருந்தார். இரும்புப் பட்டை எங்கே தளரப்போகிறது.

அடுத்த மழைக்கு முன்னால், ஒரு நாள் பொழுது சாயும் நேரம். ரம்பம் பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து புஸ், புஸ் என்று சத்தம். குக்கர் ஆவி விடுகிற மாதிரி. பாம்பு என்று நான் இரண்டடி பின்னால் போனேன். ரம்பம் நகரவில்லை. தரையைப் பார்த்தார். வேரில்லாத மரத்தின் அடியில் புதிதாகக் கறுப்பு உருண்டைகள். ஒன்றை எடுத்து விரலால் உடைத்தார். குட்டிக் குட்டி எலும்பு, எலிப் பல். மறுபடி மேலே புஸ், புஸ். ஒன்றில்லை, இரண்டு மூன்று. பசிக்கிற குஞ்சுகள்.

ரம்பம் போனை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"அக்கா. பட்ட மரத்துல குஞ்சு இருக்கு."

"எந்தப் பட்ட?"

"செத்தது. நாம நட்டது."

சத்தமில்லை. நான் போனை எட்டிப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.

"சரியாக் கேக்கல" என்றார் டைம்கீப்பரம்மா. "இன்னொரு தடவை சொல்லு."

ரம்பம் இன்னொரு தடவை சொன்னார். கூட்டியும் சொன்னார், மூன்று சத்தம் கேட்கிறது, எலும்பு கிடக்கிறது, தாய்க்கூகை எலியெடுக்கப் போயிருக்கும் போல என்று. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அதே ஜோடியா, வேறு ஜோடியா என்று கேட்டார். யாருக்குத் தெரியும், விலாசம் சொல்லிவிட்டா வந்தன. பிறகு, அவர் மைக்கில் பேசிய காலத்திலும் நான் கேட்டறியாத ஒரு குரலில்,

"தம்பி" என்றார். "அன்னிக்கு எங்கடா போயிருந்தே? அவர் போன அன்னிக்கு. நான் ஒரு தடவை கேட்டேன்ல. இப்ப கேக்கறேன், சொல்லு."

ரம்பம் அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "மலை மேல இருந்தேன்க்கா" என்று ஆரம்பித்தார்.

நான் டீயை எடுத்துக்கொண்டு என் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். என் தக்காளி வரிசையிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி, காலில் எதையோ பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் என்னைத் தாண்டி மரத்துக்குப் போனது. வேலியில் சாய்ந்து டீ குடித்து முடித்தேன். தம்ளரைக் கழுவினேன். பம்பு செட்டைப் பூட்டினேன். ரம்பம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மலை, மண் சரிவு, செருப்பு அறுந்தது, வழியில் தண்ணீர் கொடுத்தவர், எல்லாம். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் தன் பேருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டார்.